தம்பியின் தலைக்குள் இருந்த மைசூர்

“தசரா பார்க்கவா?” என்று எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார்.

“இல்லை, சண்டை போட” என்றேன்.

அவர் மிரளவில்லை. மத்தூர் ஸ்டேஷனில் வாங்கிய வடையில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்து, “அப்போ சாப்பிட்டுட்டுப் போங்க, தெம்பு வேணுமே” என்றார். மத்தூர் வடை நம் வடை மாதிரி மெத்தென்று இருக்காது. தட்டையாக, மொறுமொறுவென்று, வெங்காயம் கருகிய வாசனையோடு இருந்தது. மலாயாவின் ஈப்போவிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வந்த அலுப்பில் எனக்கு அது அமிர்தம். தின்றுகொண்டே அந்த அம்மாளிடம் கதையைச் சொன்னேன்.

என் தம்பி அருள் மைசூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாமுண்டி மலைச் சரிவில் சைக்கிளிலிருந்து விழுந்து, கல்லில் தலை மோதி, பிழைத்துக்கொண்டான். காயம் ஆறிவிட்டது. பேச்சுதான் ஆறவில்லை. ஒன்றைக் கேட்டால் வேறொன்றைச் சொல்கிறான். பரிசோதித்த டாக்டர் புத்தி போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். வரும் சனிக்கிழமை பள்ளிக் கமிட்டி கூடி, அவனை வேலையிலிருந்து நீக்கி, பெங்களூர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தீர்மானம் போடப்போகிறது. தம்பி மனைவி பிலோமி எழுதியதைப் படித்ததும் நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கூடப் பிறந்தவனைப் பைத்தியம் என்று சொல்ல ஒரு டாக்டர் போதும் என்றால், இல்லை என்று சொல்ல ஒரு அக்கா போதாதா?

மைசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்கு முதலில் உறைத்தது, யாரும் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை என்பது. எங்கள் மலாயாவில் அப்போது அவசரநிலை. ரோட்டுக்கு ரோடு முள்வேலி, பத்தடிக்கு ஒரு சிப்பாய். கொடியும் வெள்ளைக்காரனுடையதுதான். இங்கே ஸ்டேஷன் மாஸ்டரே கொட்டாவி விட்டுக்கொண்டு வழி விட்டார். சுதந்திரம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜட்காவை இங்கே டாங்கா என்கிறார்கள். நான் ஏறிய டாங்காவின் குதிரைக்கு என்ன கோபமோ, பாதி வழியில் நின்றுவிட்டது. வண்டிக்காரர் இறங்கிக் கெஞ்சினார், பிறகு முகத்தைத் தடவிக் கொடுத்தார், பிறகு திட்டினார். அது மரத்தடியில் நின்று என்னையே பார்த்தது. கடைசியில் நான் இறங்கி நடந்தேன். அப்புறம்தான் அதுவும் நடந்தது. லஷ்கர் மொஹல்லாவில் தம்பி வீட்டு வாசலுக்கு நானும் குதிரையும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம்.

அருள் வாசலில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து இரண்டு கையையும் நீட்டி, “கப்பல்!” என்றான்.

சொன்ன மாத்திரத்தில் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அக்கா என்று சொல்ல வந்து வாய் வேறெங்கோ போய்விட்டது. போய்விட்டது என்று அவனுக்கே தெரிந்தும் இருந்தது. நான் அழவில்லை. கப்பலில் வந்தவளைக் கப்பல் என்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று?

மறுநாள் காலை மூவரும் மார்க்கெட் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் போனோம். மசால் தோசையின் உள்புறம் சிவப்பாகப் பூண்டுச் சட்னி தடவியிருந்தது, மேலே ஒரு கட்டி வெண்ணெய். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாரை இனிப்பாக்குகிற ஊரில் ஜனங்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காப்பி மட்டும் எங்கள் ஈப்போ கோப்பியைத் தலைகுனிய வைத்தது. இதை ஊரில் சொன்னால் உதைப்பார்கள்.

பரிமாறுகிறவர் அருளின் இலையில் இரண்டாவது தோசையைப் போட வந்தார். அருள் கையை மறித்து, “பேடா, சாக்கு” என்றான். வேண்டாம், போதும் என்று கன்னடத்தில் அட்சர சுத்தமாகச் சொல்லிவிட்டான். நான் பிலோமியைப் பார்த்தேன்.

“கன்னடம் சில சமயம் சரியா வந்துடும், அண்ணி. இங்க வந்து படிச்சதுதான். தமிழ்தான் இப்படிப் பண்ணுது” என்றாள் அவள்.

“டாக்டர் எதில் கேட்டார்?”

“தமிழ்ல. தாய்மொழியில கேட்டாத்தான் நியாயம்னார்.”

பிலோமி மைசூரிலேயே பிறந்த தமிழ்ப் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ். டாக்டர் சொன்னால் வேதவாக்கு. அதைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் பிழைப்பு அது. ஆனால் எனக்கு அன்று முதலே அவளோடும் ஒரு சண்டை தொடங்கிவிட்டது.

அருளை அழைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போன நாளில் டவுன் பஸ் நடுவழியில் உயிரை விட்டது. கண்டக்டர் சிரித்த முகத்தோடு எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். நானும் தள்ளினேன். “அம்மா, நீங்க பெண்பிள்ளை, விடுங்க” என்றார் ஒருவர். டிக்கெட் எடுத்தபோது யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்று கேட்டேன். பஸ் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. டாக்டர் வீட்டில் போய் இறங்கியபோது என் கை கரிப்பிடித்துணி.

அவர் வெளிநாட்டில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்தவர். நாற்பது வயது இருக்கும், கெட்ட மனிதர் இல்லை. கை கழுவத் தண்ணீர் கொடுத்தார், டீ கொடுத்தார். பிறகு ஒரு தட்டில் சாமான்களை வைத்தார்: சாவி, சீப்பு, குடை, கோப்பை, பேனா. பக்கத்துத் தட்டில் சின்னச் சின்னத் துண்டாக மைசூர்பாகு. சரியான பெயர் சொன்னால் ஒரு துண்டு. தப்பாகச் சொன்னால் ஒன்றும் கிடையாது. முப்பத்தைந்து வயதுக் கணக்கு வாத்தியாருக்கு!

சாவியைக் காட்டினார். அருள் திணறி, “கதவு” என்றான். சீப்புக்கு “தலை” என்றான். குடைக்கு “மழை”. கோப்பைக்கு “காப்பி”. பேனாவுக்கு மட்டும் “பேனா”. டாக்டர் ஒரு துண்டு மைசூர்பாகை நீட்டினார். அருள் அதை வாங்கி என்னிடம் கொடுத்தான்.

“பார்த்தீர்களா? ஐந்தில் நான்கு தவறு. ஒவ்வொரு வாரமும் இதே நிலைதான்” என்றார் டாக்டர் ஆங்கிலத்தில்.

“டாக்டர், சாவியைக் காட்டினால் பூசணிக்காய் என்று ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

அவர் புரியாமல் பார்த்தார்.

“புத்தி போனவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். இவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறான். சாவிக்குப் பக்கத்தில் கதவு, குடைக்குப் பக்கத்தில் மழை. உள்ளே எல்லாம் அடுக்கிவைத்தபடியே இருக்கிறது. எடுக்கிற கைதான் ஒரு தட்டு தள்ளி விழுகிறது.”

“உள்ளே என்று நீங்கள் சொல்வதை நான் பார்த்ததில்லை, அம்மா” என்றார் அவர் பொறுமையாக. “நான் கேட்டதைப் பார்க்கிறேன், அவர் சொன்னதைப் பார்க்கிறேன். நடுவில் மனம் ஒன்று உட்கார்ந்து என்ன செய்கிறது என்று பேசுவது ஜோசியம். விஞ்ஞானம் இல்லை.”

“அந்த நடுவில் இருப்பதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்” என்றேன்.

எனக்கு இது புதுச் சண்டை இல்லை. ஈப்போவில் வாத்தியார் பயிற்சியில் ஒரு வெள்ளைக்காரர் இதையேதான் சொன்னார்: குழந்தையின் தலை ஒரு மூடிய பெட்டி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனி, சரியானால் தட்டிக் கொடு, தப்பானால் பிரம்பை எடு. என் வகுப்பில் ஒரு பெண் ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டைக் கழித்து இருபத்தாறு என்று எழுதினாள். பிரம்பை எடுத்திருந்தால் அவள் அழுதிருப்பாள், அவ்வளவுதான். நான் எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள்! தப்பு என் பாடத்தில். அதிலிருந்து, நான் சரியான கணக்கைப் படிப்பதை விடத் தப்புக் கணக்கைத்தான் உட்கார்ந்து படிப்பேன். பல வருஷம் கழித்து, தலைக்குள் நடப்பதையும் ஆராயலாம், ஆராயத்தான் வேண்டும் என்று பெரிய பெரிய படிப்பாளிகள் கிளம்பினார்கள். அறிதல்சார் உளவியல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அதற்குப் பெயர் இல்லை. எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது.

“கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்” என்றார் டாக்டர். “சனிக்கிழமை நானே உங்களோடு பள்ளிக்கு வருகிறேன். பழகிய பாதையில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க வேண்டும். யாரும் அவருக்கு எதுவும் எடுத்துக்கொடுக்கக் கூடாது.”

அன்று இராச் சாப்பாட்டுக்கு ராகி உருண்டையும் கோழிக் குழம்பும். உருண்டையை மெல்லக் கூடாதாம், குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு என் வாயை அடைத்தது. அருள் விழுந்து விழுந்து சிரித்தான். நான் பேச முடியாமல் இருந்த அந்த நேரம் பார்த்துப் பிலோமி மனசில் இருந்ததைக் கொட்டினாள்.

“ஸ்வல்ப பொறுங்க அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க சண்டை போட்டுட்டுக் கப்பல் ஏறிடுவீங்க. அப்புறம் இந்த ஊர்ல இவங்க மொகத்துல முழிக்கிறவ நான்தானே? பெங்களூர்ல சேர்த்தா ஒருவேளை சரியாகலாம்னு நினைக்கிறேன். நானும் இவருக்காகத்தான் பேசுறேன்.”

அவள் கண் கலங்கிவிட்டது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ராகி ஒரு காரணம், அவள் சொன்னதில் நியாயம் இருந்தது இன்னொரு காரணம். அருள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் தட்டில் ஒரு துண்டுக் கோழியை எடுத்து வைத்தான். நாங்கள் பேசிய ஒரு சொல்லும் அவனுக்குத் தப்பவில்லை. சனிக்கிழமை விடிந்தால் பெங்களூர் என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை காலை டாக்டர் சொன்னபடி வந்தார். டாங்காவில் அருள் வண்டிக்காரர் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தான், நாங்கள் மூவரும் பின்னால். பள்ளி ஊருக்கு மேற்கே. சயாஜிராவ் ரோட்டைக் கடந்து நேரே போக வேண்டியதுதான். அருள் வருஷக்கணக்காகச் சைக்கிள் மிதித்த ரோடு.

கடக்க முடியவில்லை. தசரா ஊர்வலத்துக்கு யானைகளைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். முதுகில் மணல் மூட்டை கட்டிய யானைகள் சாவதானமாக நடந்தன. பின்னால் குதிரைப்படை, அதன் பின்னால் பாண்டு வாத்தியம், இரண்டு பக்கமும் ஜனக்கூட்டம். போலீஸ்காரர் கயிறு கட்டி மறித்துவிட்டார். மகாராஜா இப்போது மகாராஜா இல்லை, ராஜப்பிரமுகர் என்று பேர். யானைகளுக்கு அது இன்னும் தெரியாது போலிருக்கிறது. வண்டிக்காரர் கடிவாளத்தை விட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தார். அவர் கன்னடத்தில் சொன்னதைப் பிலோமி எனக்குத் தமிழில் சொன்னாள்: “எல்லாம் போய் முடியற வரைக்கும் வண்டி நகராதாம். அவருக்கு வேற பாதை தெரியாதாம், ஊருக்குப் புதுசாம்.”

கமிட்டி கூடுகிற நேரம் நெருங்கிவிட்டது. சம்பந்தப்பட்டவன் வரவில்லை என்றால் அவர்கள் இருந்தபடியே தீர்மானம் போட்டு எழுந்துவிடுவார்கள். பிலோமி ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

திடீரென்று அருள் வண்டிக்காரர் தோளைப் பிடித்து உலுக்கினான். பின்பக்கம், கிழக்கே, கையை நீட்டி, “குதிரை! குதிரை!” என்று கத்தினான்.

வண்டிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் குதிரைக்கு என்ன குறை என்று கேட்டார். அருள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் கிழக்கே காட்டினான்.

“பதற்றம். பழகிய பாதை அடைபட்டதும் நிலைகுலைந்துவிட்டார். பள்ளிக்கு நேர் எதிர்த்திசையைக் காட்டுகிறார், கவனியுங்கள்” என்றார் டாக்டர்.

அருள் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சின்ன வயதில் கேரம் போர்டில் காயை எதிர்ப்பக்கச் சுவரில் அடித்து விழவைக்கும் முன்னால் இப்படித்தான் பார்ப்பான். அவன் சொல்வது தப்பாக இருந்தால் கமிட்டியும் போயிற்று, தம்பியும் போனான், அதற்குக் காரணம் நான். இருந்தாலும் என்ன? இவ்வளவு தூரம் வந்து இவனை நம்பாமல் யாரை நம்புவது?

“பிலோமி, வண்டிக்காரரிடம் சொல். இவன் கை காட்டுகிற பக்கம் போகட்டும்.”

“அண்ணி, ஸ்கூல் அந்தப் பக்கம்...”

“சொல்!”

வண்டி திரும்பியது. கிழக்கே ஓடியது, பிறகு அருள் கை காட்ட, தெற்கே. ஒரு திருப்பத்தில் மரவேலிக்கு அப்பால் அகலமான புல்வெளி தெரிந்தது. பிலோமி ஜெபமாலையை மடியில் போட்டாள். “ரேஸ் கோர்ஸ்! அண்ணி, குதிரைன்னு இவர் ரேஸ் கோர்ஸைச் சொல்லியிருக்கார்!” அருள் பலமாகத் தலையாட்டினான்.

அங்கிருந்து மேற்கே மடக்கினான். அரண்மனையின் முதுகுப்பக்கம் சுற்றி வந்தோம். யானைகள் வடக்கே போகிற ஊர்வலத்தை நாங்கள் தெற்கே போய் ஏமாற்றிவிட்டோம். அக்ரஹாரத்தில் ஒரு தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி நின்றது. டாக்டர் முன்னால் சாய்ந்து அருளின் முகத்தையே பார்த்தார். அருள் ஒரு கணம் கண்ணை மூடினான். பிறகு இடது பக்கச் சந்தைக் காட்டினான். சந்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கூடைகளை இழுத்துக்கொண்டு எங்களை வைதார்கள். சந்து பெரிய ரோட்டில் கொண்டு விட்டது. மேற்கே பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை தெரிந்தது.

“இந்த ரோட்டில் இவர் எப்போதாவது பள்ளிக்கு வந்ததுண்டா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லவே இல்லை” என்றாள் பிலோமி. “ரேஸ் கோர்ஸ் பக்கம் டியூஷனுக்குப் போவார். அக்ரஹாரத்துல ஒரு சிநேகிதர் இருக்கார். ஒவ்வொண்ணும் வீட்டிலிருந்து தனித்தனியாத்தான் போய் வருவார்.”

“தனித்தனியாக இருந்ததை இன்றைக்குச் சேர்த்தது யார், டாக்டர்?” என்றேன். “மைசூர்பாகு கொடுத்தோமா?”

அவர் திரும்பி நாங்கள் வந்த வழியைப் பார்த்தார்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற வக்கீல். மேசைமேல் பெங்களூருக்குப் போக வேண்டிய காகிதம் தயாராக இருந்தது. டாக்டர் வந்த பாதையைப் பற்றி மறைக்காமல் சொன்னார். அதை நான் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் முடிவாக, “இதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சான்றளிக்க முடியாது. பெயர்களைச் சொல்ல முடியாதவர் பாடம் நடத்த முடியாது” என்றார்.

தலைவர் இளகிய மனசுக்காரர். யோசித்து ஒரு சமரசம் சொன்னார்: பெங்களூர் வேண்டாம், பள்ளியிலேயே இருக்கட்டும், மணி அடிக்கிற வேலை கொடுக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து அடித்தால் போதும். டாக்டர் உடனே ஆமோதித்தார். பிலோமியின் முகம் தெளிந்தது, பெங்களூர் இல்லை என்றதே அவளுக்குப் பெரிசு. நான் வாயைத் திறந்தேன்.

அருள் முந்திக்கொண்டான். எழுந்து நின்றான். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“மணி... பேடா.” மூச்சு வாங்கினான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான். “நான்... நான்... கணக்கு.”

வாக்கியமாக அது தேறாது. ஆனால் அந்த அறையில் அதைப் புரிந்துகொள்ளாதவர் யாரும் இல்லை. பிலோமி எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். “அவர் சொல்றதுதான் சார் எனக்கும்” என்றாள் தலைவரிடம். அந்த நிமிஷம் அவள்மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

கமிட்டிக்காரர்கள் மூவரும் தலையைச் சேர்த்துக் கன்னடத்தில் கிசுகிசுத்தார்கள், பிலோமி என் காதில் தமிழில் சொன்னாள். தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் யார் பொறுப்பு, பெற்றோர் வந்து கேட்டால் என்ன பதில் என்று பேச்சு நீண்டது. சான்று இல்லாமல் எப்படி என்றார் ஒருவர். நான் தலைவரிடம் போய், பையன்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும் என்றேன். வாத்தியாரைப் பையன்கள் எடைபோடுவதா என்று இன்னொருவர் சீறினார். பிலோமி எனக்குத் துணையாகக் கன்னடத்தில் வெளுத்து வாங்கினாள். இதற்கு நடுவில் வெளியே முற்றத்தில் மணி அடித்தது. அந்தச் சத்தத்துக்கும் மேல் நாங்கள் கத்தினோம்.

கடைசியில் தலைவர் கையை உயர்த்தி, “சம்பந்தப்பட்டவரையே கேட்போம்” என்று திரும்பினார். அருளின் நாற்காலி காலி.

முற்றத்துக்கு அந்தப்பக்க வகுப்பிலிருந்து பையன்கள் “நமஸ்காரா சார்” என்று கூவியது கேட்டது. பிறகு அமைதி. பிறகு கரும்பலகையில் சாக்குக்கட்டி கீறுகிற சத்தம். தலைவர் சுவரில் தொங்கிய பாடவேளை அட்டவணையை எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை, இரண்டாவது பாடம், நான்காம் பாரம் வகுப்புக்குக் கணக்கு, எதிரே அருள் பெயர். அதை அவனுக்கு யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

“மணி அடித்தது, போய்விட்டார்” என்றார் டாக்டர். “பழக்கம்.”

“மணி எல்லோருக்கும்தான் அடித்தது, டாக்டர்” என்றேன். “நீங்களும் நானும் உட்கார்ந்துதானே இருக்கிறோம்?”

தலைவர் பெங்களூர்க் காகிதத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். “கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம்” என்றார்.

“நன்றாகப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, நானும் பிலோமியும் அந்த வகுப்பின் ஜன்னலோரம் போய் நின்றோம். கரும்பலகையில் முக்கோணம் ஒன்று பாதி வரைந்திருந்தது. அருள் எங்களைக் கவனிக்கவில்லை. ஒரு பையன் தப்பாக ஏதோ சொல்லியிருந்தான், அதை எப்படி யோசித்தாய் என்று அருள் அவனைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தான்.